காய்ச்சலும் மூச்சுமுட்டும்: முதல் இரண்டு நாளின் அருமை



சளிக்காய்ச்சல் வராத வீடு இல்லை. தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு மழைக்காலம் ஒன்று, நமக்கு இரண்டு. ஆனி ஆடிச் சாரலில் ஒரு சுற்று, ஐப்பசி கார்த்திகை அடைமழையில் இன்னொரு சுற்று என்று காய்ச்சல் வந்து போகிறது. பெரும்பாலோர் சுக்குக்காப்பி குடித்து, போர்த்திப் படுத்து, நாலைந்து நாளில் எழுந்து வயலுக்கோ, ரப்பர் வெட்டுக்கோ, அண்டியாபீசுக்கோ போய்விடுகிறார்கள். அவர்களுக்காக இந்தப் பிரசுரம் எழுதப்படவில்லை.

பிள்ளை உண்டாகியிருக்கும் மனைவிக்கும், பேறுகாலம் முடிந்து இரண்டு வாரம் ஆகாத தாய்க்கும், அவர்களுடைய கணவன்மாருக்கும் இதை எழுதுகிறோம். மற்றவர்களுக்குச் சாதாரணமாக வந்து போகிற அதே காய்ச்சல், இவர்களில் சிலருக்கு மூன்றாம் நாளோ நாலாம் நாளோ மூச்சுமுட்டில் கொண்டுபோய் விடுகிறது. அதைத் தடுக்க மாத்திரை உண்டு. ஆனால் அந்த மாத்திரைக்கு ஒரு குணம்: நேரத்தோடு கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும், மூச்சுமுட்டு வந்த பிறகு கொடுத்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றி உலகமெங்கும் ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. நம் நாட்டு ஆஸ்பத்திரிகளும் அவற்றில் பங்கு கொண்டிருக்கின்றன. அந்த விவரங்கள் டாக்டர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதாது. ஆஸ்பத்திரிக்கு எப்போது புறப்படுவது என்பதைத் தீர்மானிப்பது டாக்டர் அல்லவே, நீங்கள்தானே.

வைரஸ் என்ன செய்கிறது?

இன்ஃபுளுவன்சா என்னும் சளிக்காய்ச்சலையும், 2020 முதல் நாம் அறிந்த கொரோனாவையும் உண்டாக்குவது வைரஸ் என்னும் நுண்ணுயிர். மூக்கு, தொண்டை வழியே உள்ளே வந்து, நம் உடம்பின் செல்லுக்குள் புகுந்து, அங்கேயே ஒன்று பலவாகப் பெருகி, வெளியே வந்து அடுத்த செல்லைப் பிடிக்கிறது. இன்ஃபுளுவன்சாவில் இந்தப் பெருக்கம் முதல் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய்விடும்.

குளத்தங்கரையில் உடைப்பு எடுப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முதலில் நண்டு வளை அளவுக்குத் தண்ணீர் கசியும். அப்போது நாலு கூடை மண்ணும் ஒரு கட்டு வைக்கோலும் போட்டால் அடைந்துவிடும். ராத்திரியாயிற்று, காலையில் பார்ப்போம் என்று விட்டால், காலையில் கரையும் இருக்காது, பத்துப் பூ வயலும் வெள்ளத்தில் கிடக்கும். அதற்கப்புறம் கரையை அடைத்தால் மட்டும் பயிர் பிழைக்குமா? வயலில் நிற்கும் தண்ணீரை வடித்தாக வேண்டும். அது வேறு வேலை, பெரிய வேலை.

மூச்சுமுட்டு என்பது வயலில் தண்ணீர் நிற்கிற நிலை. நுரையீரலில் காற்று நிறைய வேண்டிய சின்னச் சின்ன அறைகளில் நீர் கோத்துக்கொள்கிறது. இதை வைரஸ் மட்டும் செய்வதில்லை. வைரஸை எதிர்க்கக் கிளம்பிய நம் உடம்பின் காவல் படையே அளவு மீறிச் சண்டை போட்டு அந்த அறைகளை வீங்க வைக்கிறது. வைரஸ் எதிர்ப்பு மருந்து கரையை அடைக்கிற மண். ஆக்சிஜனும் மற்ற சிகிச்சைகளும் தண்ணீரை வடிக்கிற வேலை.

இன்ஃபுளுவன்சாவுக்கு இப்போது வழக்கமாகக் கொடுக்கிற மாத்திரையின் பெயர் ஓசெல்டாமிவிர். பெருகிய புது வைரஸ்கள் பழைய செல்லை விட்டுக் கழன்று வெளியேற ஒரு கத்தரி போன்ற பொருளைப் பயன்படுத்துகின்றன. ஓசெல்டாமிவிர் அந்தக் கத்தரியை மழுங்கடிக்கிறது. பிறந்த வைரஸ் பிறந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும். அடுத்த செல்லுக்குப் போக முடியாது. ஆனால் ஏற்கெனவே பரவிவிட்ட வைரஸையோ, ஏற்கெனவே கோத்த நீரையோ இந்த மாத்திரை ஒன்றும் செய்யாது. நேரத்தோடு கொடுக்க வேண்டும் என்பதன் காரணம் இதுதான்.

2009-ல் கற்ற பாடம்

2009-ஆம் ஆண்டு பன்றிக்காய்ச்சல் என்று பேர் வாங்கிய எச்1 என்1 இன்ஃபுளுவன்சா உலகெங்கும் பரவியது. ஜூன் 11-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் அதை உலகளாவிய தொற்று என்று அறிவித்தது. அந்த ஆண்டில் டாக்டர்களைத் திகைக்க வைத்த ஒரு விஷயம், ஆஸ்பத்திரியில் மூச்சுமுட்டோடு வந்து சேர்ந்தவர்களில் நல்ல திடகாத்திரமான இளம் கர்ப்பிணிகள் அதிகமாக இருந்தது.

அமெரிக்காவில் அந்த ஆண்டு காய்ச்சல் கண்ட கர்ப்பிணிகளின் கணக்கைப் பின்னர் எடுத்துப் பார்த்தார்கள். காய்ச்சல் தொடங்கி இரண்டு நாளுக்குள் வைரஸ் எதிர்ப்பு மருந்து கிடைத்தவர்களில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போக நேர்ந்தவர்கள் 100-க்கு 9 பேர் சொச்சம். நாலு நாள் கழிந்த பின் மருந்து தொடங்கியவர்களில் 100-க்கு 57 பேர். மருந்து ஒன்றுதான். ஆஸ்பத்திரிகளும் பெரும்பாலும் ஒரே மாதிரியானவைதான். வித்தியாசம் நாளில் இருந்தது. கலிபோர்னியா மாநிலத்தில் தனியாக எடுத்த கணக்கிலும், இரண்டு நாள் தாண்டி மருந்து பெற்ற கர்ப்பிணிகளுக்குத் தீவிர சிகிச்சையோ மரணமோ நேர்வது 4 மடங்குக்கு மேல் இருந்தது.

பிற்பாடு, 2014-ல், 38 நாடுகளில் எச்1 என்1-க்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்த 29,000-க்கும் மேற்பட்டோரின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்து ஆராய்ந்தார்கள். இரண்டு நாளுக்குள் மருந்து பெற்றவர்களிடையே மரணம், தாமதமாகப் பெற்றவர்களைவிடப் பாதியாக இருந்தது. ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் ஆபத்து ஏறிக்கொண்டே போனது.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இதெல்லாம் நடந்து முடிந்ததைப் பார்த்து எடுத்த கணக்கு. சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு இல்லை என்று பிரித்துச் செய்த சோதனை அல்ல. அப்படிச் செய்த சோதனைகளில், வேறு நோய் இல்லாத சாதாரண ஆண் பெண்களுக்கு இந்த மாத்திரை பெரிய வித்தை ஒன்றும் காட்டவில்லை. 7 நாள் இருக்கிற காய்ச்சலையும் உடம்புவலியையும் 6.3 நாளாகக் குறைத்தது, அவ்வளவுதான்; சிலருக்குக் குமட்டலும் வாந்தியும் கொடுத்தது. ஆகவே காய்ச்சல் வந்த எல்லோரும் ஓடிப்போய் இந்த மாத்திரையை வாங்கி விழுங்க வேண்டாம். அரசின் வழிகாட்டுதலும் அதைச் சொல்வதில்லை. யாருக்குக் கட்டாயம் யோசிக்க வேண்டும் என்றால், கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், 65 வயது தாண்டியவர்கள், ஆஸ்துமா, இருதய நோய், சர்க்கரை வியாதி உள்ளவர்கள். இவர்களுக்குச் சளிக்காய்ச்சல் என்று டாக்டர் நினைத்தாலே, பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் மாத்திரையைத் தொடங்கலாம் என்பது வழிகாட்டுதல். மூச்சுமுட்டோ, நெஞ்சுவலியோ, நகம் நீலம் பாய்வதோ இருந்தால் வீட்டில் வைத்திருக்கவே கூடாது. படுக்கையில் சேர்க்க வேண்டும். அந்த நிலையில் இரண்டு நாள் கடந்துவிட்டாலும் மாத்திரை கொடுப்பார்கள். தாமதமானதால் கொடுப்பதில்லை என்று ஒன்றும் இல்லை; பலன் குறையும் என்பதுதான்.

ரெம்டெசிவிர்: மூச்சுமுட்டு வந்த பின் என்ன நடக்கிறது?

சீட்டுக் குலுக்கிச் செய்கிற சோதனை என்றேன். நம் பெண்கள் நடத்துகிற குலுக்குச் சீட்டு மாதிரிதான். இன்னார் வசதியானவர், இன்னார் ரொம்பச் சீக்கு என்று பார்க்காமல், அதிர்ஷ்டத்தில் வந்தபடி பாதிப் பேருக்கு மருந்து. மீதிப் பேருக்கு அந்த மருந்து இல்லாமல் மற்ற எல்லாக் கவனிப்பும். அப்படிப் பிரித்தால்தான், பிழைத்தவர் மருந்தால் பிழைத்தாரா, தானாகப் பிழைத்தாரா என்பது தெரியும்.

கொரோனா வந்த 2020-ல் உலக சுகாதார நிறுவனம் இப்படி ஒரு பெரிய சோதனையைத் தொடங்கியது. அதற்கு ‘சாலிடாரிட்டி’, அதாவது ஒற்றுமை, என்று பெயர். இந்தியாவில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதை நடத்தியது. அந்த ஆண்டு அக்டோபர் மத்தியில் 26 ஆஸ்பத்திரிகளில் 937 நோயாளிகள் இதில் சேர்ந்திருந்தார்கள். சோதிக்கப்பட்ட மருந்துகளில் ஒன்று ரெம்டெசிவிர். ஊசி மருந்து, விலை கூடியது, வைரஸின் பெருக்கத்தைத் தடுப்பது.

அக்டோபர் 2020-ல் முதல் முடிவு வந்தது. ரெம்டெசிவிர் கிடைத்த 2,743 பேரில் 301 பேர் இறந்திருந்தார்கள். கிடைக்காத 2,708 பேரில் 303 பேர் இறந்திருந்தார்கள். கணக்கு வாத்தியார் தேவையில்லை, உங்களுக்கே புரியும்.

ஆனாலும், 2021 ஏப்ரல், மே மாதங்களில் நடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் அரசு இந்த ஊசியை விற்கத் தொடங்கியதும், வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் ஜனங்கள் வந்து ராத்திரி ரோட்டில் படுத்து வரிசையில் நின்றார்கள். பின்னர் திருநெல்வேலி, மதுரை முதலிய ஊர்களிலும் விற்பனை நடந்தது. கள்ளச் சந்தையில் பல மடங்கு விலை கொடுத்து வாங்கியவர்கள் உண்டு. தாலிச் சங்கிலியை அடகு வைத்தவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல என் மனம் வரவில்லை. மனைவி மூச்சுக்குத் தவிக்கிறாள், ஒரு துண்டுச் சீட்டில் மருந்தின் பேர் எழுதிக் கையில் தந்துவிட்டார்கள் என்றால், எந்தப் புருஷன் வீட்டில் உட்கார்ந்திருப்பான்? குறை எங்கே என்றால், அந்தச் சீட்டில் எழுதியிருந்த மருந்தை உயிர்காக்கும் மருந்து என்று எல்லோரும் நம்பியதில்தான்.

சோதனையின் முழு முடிவு 2022 மே மாதம் வெளியானது. அது இன்னும் நுணுக்கமாகப் பேசியது. ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களில், ரெம்டெசிவிர் பெற்றோரில் 100-க்கு 14.6 பேரும், பெறாதோரில் 100-க்கு 16.3 பேரும் இறந்தார்கள். சின்ன நன்மை, ஆனாலும் நன்மைதான். ஏற்கெனவே செயற்கைச் சுவாசக் கருவியில் வைக்கப்பட்டவர்களுக்கு நன்மையே இல்லை; பெற்றோரில் 42.1 பேர், பெறாதோரில் 38.6 பேர். வயல் முழுகிய பின் கரையை அடைத்த கதை.

இதே மருந்தை, வயதாலோ வேறு நோயாலோ ஆபத்து கூடியவர்களுக்கு, நோய் தொடங்கிய ஒரு வாரத்துக்குள், மூச்சுமுட்டு வருவதற்கு முன்பே, மூன்று நாள் கொடுத்துப் பார்த்த வேறொரு சோதனையும் உண்டு. அதில் மருந்து பெற்ற 279 பேரில் கொரோனாவுக்காக ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தது 2 பேருக்கு. பெறாத 283 பேரில் 15 பேருக்கு. ஒரே மருந்து, முன்னால் கொடுத்தால் ஒரு விதம், பின்னால் கொடுத்தால் ஒரு விதம்.

அப்படியானால் மூச்சுமுட்டு வந்தவர்களைக் காப்பாற்றியது எது? முதலாவது ஆக்சிஜன். இரண்டாவது, டெக்ஸாமெதசோன் என்னும் விலை மலிந்த பழைய ஸ்டீராய்டு மருந்து. இது வைரஸை எதிர்ப்பதில்லை. உடம்பின் அளவு மீறிய சண்டையை அடக்குகிறது. 2020 ஜூன் மாதம் இங்கிலாந்தில் வெளியான சோதனையில், சுவாசக் கருவியில் இருந்தவர்களின் மரணத்தை இது 100-க்கு 41-லிருந்து 29 ஆகக் குறைத்தது. ஆனால் அதே சோதனையில், ஆக்சிஜன் தேவைப்படாத சாதாரண நோயாளிகளுக்கு இது உதவவில்லை. கெடுதல் செய்திருக்கலாம் என்ற சாயலும் தெரிந்தது.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறோம் என்றால், மெடிக்கல் ஷாப்பில் போய் “காய்ச்சலுக்கு நல்லதாட்டு ஒரு செட்டு தாங்க” என்று கேட்டால் பொட்டலம் கட்டித் தருகிறார்கள் அல்லவா, அதில் சின்ன வெள்ளை மாத்திரையாக இந்த ஸ்டீராய்டு இருப்பது உண்டு. குடித்ததும் காய்ச்சல் விடும், உடம்பு லேசாகும், பசிக்கும். “கைராசிக்காரன்” என்று அந்தக் கடைக்குப் பேர் வரும். உள்ளே காவல் படையைக் கட்டிப் போட்டுவிட்டு வைரஸைப் பெருக விடுகிறோம் என்பது தெரியாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டு சர்க்கரையைக் கண்டபடி ஏற்றும். 2021-ல் கரும்பூஞ்சை நோய் அத்தனை பேரைப் பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். இன்ஃபுளுவன்சாவுக்கோ வழக்கமாக ஸ்டீராய்டு கொடுப்பதே இல்லை. பொட்டலத்தில் இன்னொன்று ஆன்டிபயாடிக் கேப்ஸ்யூல்; அதற்கும் வைரஸுக்கும் சம்பந்தமில்லை. கர்ப்பிணி இருக்கிற வீட்டில் பொட்டல மருந்து வேண்டவே வேண்டாம்.

“இது பிள்ளை உண்டானா வாறதுதானே?”

மூச்சுமுட்டு விஷயத்தில் நம் வீடுகளில் நாள் கடந்துபோவது பெரும்பாலும் இந்த ஒரு பேச்சினால்தான். மருமகள், “மாமி, மூச்சு ஒரு மாதிரி முட்டிக்கிட்டு வருது” என்பாள். மாமியார், “எனக்கு மூத்தவன் வயித்துல இருக்கச்சிலே இதைவிட மேல்மூச்சு வாங்கிச்சு, மக்களே. ஒண்ணும் செய்யாது, சாஞ்சு படு” என்பார். மாமியார் சொல்வது பொய்யல்ல. கர்ப்பத்தில் சுரக்கிற ஒரு சுரப்பு நீரே மூச்சை ஆழமாக இழுக்கச் செய்யும். மாதம் ஏற ஏறக் கர்ப்பப்பை மேலே எழும்பி நெஞ்சறையைத் தள்ளும். ஆகவே ஓரளவு இளைப்பு இயல்பு. ஆனால் இயல்பான இளைப்பு வாரக்கணக்கில் மெதுவாக வருவது. படி ஏறினால், தண்ணீர்க் குடம் எடுத்தால் தெரியும், உட்கார்ந்தால் அடங்கும். பேச்சு தடைபடாது. காய்ச்சல் இராது.

காய்ச்சலும் இருமலும் வந்து, அதன் மேல் ஒரு நாளிலோ ஒரு ராத்திரியிலோ கூடிய மூச்சுமுட்டு அந்த வகையைச் சேர்ந்ததல்ல. ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியாமல் நடுவில் மூச்சு வாங்கினாலும், நிமிர்ந்து படுக்க முடியாமல் உட்கார்ந்தே இரவைக் கழித்தாலும், நெஞ்சு வலித்தாலும், உதடோ நகமோ நீலம் பாய்ந்தாலும், பேச்சில் தடுமாற்றம் கண்டாலும், வயிற்றில் பிள்ளையின் துடிப்புக் குறைந்தாலும் அந்த நிமிஷமே கிளம்ப வேண்டும். 108-க்குப் போன் செய்யுங்கள்.

கணவன் செய்யக்கூடிய ஒரு சின்னக் காரியம்: மனைவியை அமைதியாக உட்கார வைத்து, கால் மணி நேரம் கழித்து, கடிகாரம் பார்த்து ஒரு முழு நிமிஷம் அவள் நெஞ்சு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். அவளிடம் சொல்லாமல் எண்ண வேண்டும். சொன்னால் மூச்சு மாறிவிடும். 12 முதல் 20 வரை சரி. 24-க்கு மேல் போனால் சரியில்லை. விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் மீட்டர் கொரோனாக் காலத்தில் பல வீடுகளில் வாங்கியது இப்போது மேஜையறையில் கிடக்கும். பாட்டரி மாற்றி எடுத்து வையுங்கள். நகப்பூச்சோ மருதாணியோ இல்லாத விரலில், விரல் குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்டுங்கள். கர்ப்பிணிக்கு 95-க்குக் கீழே காட்டினால் ஆஸ்பத்திரி. ஆனால் மீட்டர் 97 காட்டுகிறது, அவளோ மூச்சுமுட்டுகிறது என்கிறாள் என்றால், மீட்டரை நம்பாதீர்கள், அவளை நம்புங்கள்.

காய்ச்சல் இல்லாமலும் கர்ப்பத்தில் மூச்சு வாங்குவது உண்டு. ரத்தசோகை முக்கியமான காரணம். சின்ன வயதில் வந்த வாதக்காய்ச்சலால் இருதய வால்வு கெட்டிருந்து, கர்ப்பத்தில்தான் முதன்முதலாகத் தெரிவதும் உண்டு. கால்வீக்கத்தோடு மூச்சு வாங்கினால் மறைக்காமல் செவிலியரிடம் சொல்லுங்கள். இரண்டு பிள்ளைக்கு நடுவே மூன்று வருஷ இடைவெளி என்று நாங்கள் சொல்லிக்கொண்டே இருப்பதற்கு, ரத்தம் ஊற நாள் வேண்டும் என்பதும் ஒரு காரணம். அதைத் தனிப் பிரசுரத்தில் எழுதுவோம்.

யார் தீர்மானிப்பது?

ஏழாம் மாசம் பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிப் போகிறார்கள். காய்ச்சல் வருகிறது. அம்மாவுக்கு, மருமகனைக் கேட்காமல் கொண்டுபோனால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கம். மருமகனோ தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து ஆளாக இருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்தால், வாரக்கணக்கில் போன் எட்டாது. வளைகுடாவில் இருந்தால் எட்டும், ஆனால் “நான் கம்பெனியிலே கேட்டுட்டு விளிக்கேன்” என்று ஒரு நாள் போகும். இப்படி யாருடைய தப்பும் இல்லாமலே இரண்டு நாள் கழிந்துவிடுகிறது. கடைசியில் ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போது பெண்ணுக்குப் பேச மூச்சு இல்லை.

ஆகவே கணவன் கடலுக்கோ வெளிநாட்டுக்கோ போகும் முன், இரண்டு வீட்டார் முன்னிலையிலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகட்டும்: “காய்ச்சல் வந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. எங்கிட்டக் கேக்க வேண்டாம்.” இந்த ஒரு வாக்கியம் எந்த மாத்திரைக்கும் குறைந்ததல்ல. கையில் ஓர் ஐந்நூறு ரூபாயும் கொடுத்துவிட்டுப் போங்கள். அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியத்துக்குக் காசு இல்லை. ஆட்டோவுக்கும் கூட நிற்பவர் சாப்பாட்டுக்கும் வேண்டுமல்லவா?

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது தாய் சேய் நல அட்டையைக் கையோடு கொண்டு போங்கள். காய்ச்சல் எந்த நாள், எந்த நேரம் தொடங்கியது என்பதைச் சரியாகச் சொல்லுங்கள். “நாலஞ்சு நாளா” என்று மொத்தமாகச் சொல்லாமல், “செவ்வாய்க்கிழமை சாயங்காலம்” என்று சொல்ல வேண்டும். இரண்டு நாளுக்குள் வந்தவரா இல்லையா என்பது டாக்டருக்கு அதிலிருந்துதான் தெரியும். மாத்திரை கொடுத்தால் காலையும் மாலையுமாக 5 நாள். இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டாலும் மீதியைப் பரணில் போட்டு வைக்காமல் முழுவதும் சாப்பிட வேண்டும். சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்டால் குமட்டல் குறையும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுப்பார்கள்; அதிகக் காய்ச்சலைக் குறைக்காமல் விடுவது பிள்ளைக்கும் நல்லதல்ல.

கஷாயம் குடிக்காதே என்று நான் சொல்லவில்லை. சுக்குக்காப்பிக்கு யாரும் பகையில்லை. கர்ப்பிணிக்கு மருந்துச் சரக்குள்ள கஷாயம் என்றால் மட்டும் செவிலியரையோ சித்த மருத்துவரையோ கேட்டுவிட்டுக் கொடுங்கள். ஆனால் “முதல்ல மூணு நாள் கஷாயம், கேக்கலன்னா ஆஸ்பத்திரி” என்கிற வரிசை வேண்டாம். அந்த மூன்று நாளில்தான் மாத்திரையின் பலனெல்லாம் இருக்கிறது.

வருமுன் தடுக்க

இன்ஃபுளுவன்சாவுக்குத் தடுப்பூசி உண்டு. கர்ப்பிணிகளுக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2012 முதல் சொல்லி வருகிறது. கர்ப்பிணிகளுக்குப் போடுவது செயலிழக்கச் செய்த வைரஸால் ஆனது. அதனால் காய்ச்சல் நோய் வராது. இதில் இன்னொரு லாபமும் உண்டு. 6 மாதம் ஆகாத குழந்தைக்கு இந்த ஊசி போட முடியாது. அந்தக் குழந்தைக்குப் பாதுகாப்பு தாயிடமிருந்துதான் கிடைக்க வேண்டும். வங்காள தேசத்தில் 340 தாய்மாரை வைத்து, சீட்டுக் குலுக்கும் முறையில் ஒரு சோதனை செய்து 2008-ல் வெளியிட்டார்கள். கர்ப்பத்தில் ஊசி போட்டுக்கொண்ட தாய்மாரின் குழந்தைகளுக்கு, பிறந்த முதல் 6 மாதத்தில் இன்ஃபுளுவன்சா 63 சதவீதம் குறைவாக இருந்தது. நம்மைப் போன்ற எளிய நாட்டில் நடந்த சோதனை என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறோம். உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள்.

வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் கர்ப்பிணி இருக்கிற அறையில் படுக்க வேண்டாம். கணவனாக இருந்தாலும் ஐந்தாறு நாள் திண்ணைதான். முகக்கவசம் போட்டுக்கொண்டு சாப்பாடு கொடுக்கலாம், பேசலாம். அடுக்களையில் விறகுப் புகை மண்டாதபடி ஜன்னலைத் திறந்து வையுங்கள். இழுப்பு உள்ளவர்களுக்கு வைரஸும் புகையும் சேர்ந்தால் மூச்சுமுட்டு இரண்டு பங்கு.

பச்சைப் பிள்ளைக்குச் சளி பிடித்தால் மூச்சை எண்ணுகிற கணக்கு வேறு. 2 மாதம் வரை நிமிஷத்துக்கு 60, அதற்கு மேல் ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. இந்த எண்ணிக்கையை எட்டினாலோ தாண்டினாலோ, அல்லது மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு போங்கள். தாய்க்குக் காய்ச்சல் என்பதற்காகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். ஓசெல்டாமிவிர் சாப்பிடும்போதும் பால் கொடுக்கலாம். பாலில் போவது மிகச் சொற்பம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, முகக்கவசம் கட்டிக்கொண்டு கொடுக்க வேண்டும். தாய்க்கு எழுந்து உட்கார முடியாவிட்டால், பாலைச் சுத்தமான கிண்ணத்தில் பீய்ச்சி, காய்ச்சல் இல்லாத ஒருவர் கையால் பாலாடையில் புகட்டலாம்.